எக்லோகைட்டின் வயதைக் காணப் புறப்படுவோருக்கு: களம் முதல் கணக்கு வரை

முதுகலை நிலவியல் முடித்த கையோடு ஆராய்ச்சியில் சேர்ந்து, உயர் அழுத்த உருமாற்றப் பாறைகளுக்கு வயது காண்பதைத் தலைப்பாக எடுத்துக்கொண்ட மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையின் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக நல்ல கட்டுரைகள் இருக்கின்றன. எதை முதலில் செய்வது, எதற்குப் பணம் கட்டுமுன் எதை முடித்திருக்க வேண்டும், எந்த இடத்தில் மாதக்கணக்கில் காலம் போகும் என்பதை வரிசையாகச் சொல்லும் தாள் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கங்கே முட்டி மோதித்தான் நான் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் குறையட்டும்.

எடுத்துக்காட்டாக லடாக்கின் சோ மோராரி பகுதியை வைத்துக்கொள்கிறேன். அங்கே பூகா நைஸ் பாறைக்குள் திட்டுத்திட்டாகப் புதைந்திருக்கும் எக்லோகைட்டில் (உயர் அழுத்தத்தில் உருமாறிய, கார்னெட்டும் ஓம்பசைட் என்ற பச்சைக் கனிமமும் நிறைந்த பாறை) கோசைட் (மிகை அழுத்தத்தில் குவார்ட்ஸ் எடுக்கும் வடிவம்) கிடைத்ததாக 2004-இல் அறிக்கை வெளிவந்தது. கோசைட் உருவாக 27 கிலோபாருக்கு மேற்பட்ட அழுத்தம், அதாவது ஏறத்தாழ 90 முதல் 100 கிலோமீட்டர் ஆழம் வேண்டும். இந்தியக் கண்ட ஓடு அந்த ஆழத்திற்கு எப்போது போனது என்ற கேள்விக்கு 2005-இல் வந்த சிர்கான் (யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக் கொண்டு வயது காண உதவும் கனிமம்) ஆய்வு 5.3 கோடி ஆண்டு என்றும், 2013-இல் வந்த மற்றொரு சிர்கான் ஆய்வு 4.7 முதல் 4.3 கோடி ஆண்டு என்றும் விடை சொல்லின. இரண்டும் தரமான கருவிகளில் அளக்கப்பட்டவை. இந்த 60 லட்சம் ஆண்டு இடைவெளியைப் பொறுத்து இந்தியாவும் ஆசியாவும் மோதத் தொடங்கிய காலமும், ஓடு கீழே இறங்கிய வேகமும் மாறிப்போகும். கருவி தருவது ஒரு சிர்கான் துண்டின் வயதை மட்டுமே. அந்தத் துண்டு வளர்ந்தபோது பாறை எந்த ஆழத்தில் இருந்தது என்பதை நீங்கள்தான் தனியாக நிறுவியாக வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு தேவைக்காகவே இந்த வரிசையில் அமைந்திருக்கின்றன.

1. எந்த நிகழ்வின் வயது வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

ஓர் எக்லோகைட்டுக்கு ஒரே வயது கிடையாது. மூலப்பாறை உறைந்த காலம், கீழே இறங்கும் வழியில் கார்னெட் வளரத் தொடங்கிய காலம், அழுத்தம் உச்சத்தைத் தொட்ட காலம், மேலே ஏறும்போது ஆம்பிபோல் வளர்ந்த காலம், ஆறிய காலம் என்று குறைந்தது ஐந்து நிகழ்வுகள் அதற்குள் பதிந்திருக்கும். சிர்கானின் உள்கரு பெரும்பாலும் முதலாவதைச் சொல்லும். கார்னெட்டின் லுட்டீசியம்-ஹாஃப்னியம் வயது இரண்டாவதை நோக்கிச் சாயும். சிர்கானின் விளிம்பு மூன்றாவதையோ நான்காவதையோ சொல்லலாம். ரூட்டைலும் மைக்காவும் கடைசி நிகழ்வின் பக்கம் நிற்கும்.

உங்கள் ஆய்வு எந்த நிகழ்வைப் பற்றியது என்பதை ஒரே வாக்கியமாக எழுதி வழிகாட்டியிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். ஆய்வுக்கூடத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் அதே வாக்கியம்தான் கேட்கப்படும். "இப்பாறையின் வயதைக் காண்பது" என்று எழுதிய விண்ணப்பம் திரும்பி வந்துவிடும்.

2. அனுமதியும் களப்பணியும்

சோ மோராரி ஏரியும் அதைச் சுற்றியுள்ள நிலமும் சாங்தாங் வனவிலங்குச் சரணாலயப் பகுதியில் வருகின்றன, எல்லையும் அருகில் இருக்கிறது. எனவே இரண்டு வகை அனுமதிகளை விசாரிக்க வேண்டும். ஒன்று, அந்தப் பகுதிக்குள் நுழைவதற்கு லே மாவட்ட நிர்வாகம் அந்த ஆண்டு கேட்கும் தாள்களும் கட்டணமும். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன என்பதால் போன ஆண்டு போய்வந்தவரின் சொல்லை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். மற்றொன்று, கல் எடுப்பதற்கு வனவிலங்குத் துறையிடமிருந்து எழுத்தில் வாங்கும் அனுமதி. சுற்றுலாப் பயணிக்குரிய தாளை வைத்துக்கொண்டு மூட்டை மூட்டையாகக் கல்லை இறக்கிவர முடியாது. நிறுவனத் தலைவரின் கடிதம், திட்ட ஒப்புதல் நகல், எந்த இடத்தில் எத்தனை கிலோ எடுக்கப்போகிறீர்கள் என்ற பட்டியல், அடையாள அட்டை நகல்கள் ஆகியவற்றைப் பல பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள். குழுவில் வெளிநாட்டவர் இருந்தால் அவருக்குத் தனி அனுமதி வேண்டும், அதற்கான வேலையை மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

களத்திற்கு ஏற்ற காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பூகா பள்ளத்தாக்கு 4,400 மீட்டரில். லேயில் இரண்டு மூன்று நாள் தங்கி உடலைப் பழக்காமல் நேராக மேலே போவது உயிருக்கே ஆபத்து. அந்த நாட்களுக்கான தங்கும் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

எக்லோகைட் கனமான கல், மிகக் கெட்டியானதும்கூட. 10 கிலோ கல் மூன்று லிட்டர் பாத்திரத்துக்குள் அடங்கிவிடும், ஆனால் அதை உடைத்தெடுக்கச் சிறு சுத்தியல் போதாது, சம்மட்டி வேண்டும். ஒவ்வொரு திட்டிலும் நடுப்பகுதியிலிருந்து ஒன்று, விளிம்பிலிருந்து ஒன்று, அதைச் சூழ்ந்த நைஸிலிருந்து ஒன்று என மூன்று மாதிரிகளாக எடுங்கள். நடுப்பகுதியில் சிவப்புக் கார்னெட்டும் பச்சை ஓம்பசைட்டும் புத்தம் புதிதாக இருக்கும், விளிம்புக்கு வரவர ஆம்பிபோல் ஏறிக் கறுத்துவிடும். இந்த வேறுபாடே பின்னால் உச்ச அழுத்தத்தையும் மேலேற்றத்தையும் பிரித்தறிய உதவுகிறது. சிர்கானுக்கு மாதிரி ஒன்றுக்கு 5 முதல் 10 கிலோ வேண்டும். கருநிற எக்லோகைட்டில் சிர்கான் குறைவு, இருப்பதும் பொடியாக இருக்கும் என்பதால் அதற்கு மேல் எடுத்தாலும் தவறில்லை. ஜிபிஎஸ் அளவு, உடைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படம், திட்டின் குறுக்கே மாதிரி இருந்த இடத்தின் கைவரைபடம் ஆகிய மூன்றும் அன்றிரவே குறிப்பேட்டில் ஏற வேண்டும்.

3. இடிப்பதற்கு முன் தின் செக்‌ஷன்

பெரும்பாலானோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். சிர்கானைப் பிரித்தெடுக்கும் அவசரத்தில் கல்லை முழுவதும் இடித்துவிட்டால், அந்தச் சிர்கான் கார்னெட்டுக்குள் இருந்ததா, ஓம்பசைட்டின் ஓரத்தில் இருந்ததா, பின்னால் வளர்ந்த ஆம்பிபோலுக்குள் இருந்ததா என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. அந்தத் தகவலை எந்தக் கருவியும் திருப்பித் தராது.

ஆகவே ஒவ்வொரு மாதிரியிலும் கால் பங்கைத் தொடாமல் எடுத்துவையுங்கள். மீதியிலிருந்து குறைந்தது மூன்று, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்து மெருகிட்ட தின் செக்‌ஷன்கள் செய்து, முதலில் சாதாரண நுண்ணோக்கியிலும், பிறகு எலெக்ட்ரான் நுண்ணோக்கியிலும் பாருங்கள். சிர்கான் பின்சிதறல் படத்தில் பளிச்சென்று தெரியும் என்பதால் ஒரு செக்‌ஷனை முழுவதுமாகத் துழாவி, ஒவ்வொரு சிர்கானும் எந்தக் கனிமத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று பட்டியலிட ஒரு நாள் போதும். கார்னெட்டுக்கு எலெக்ட்ரான் மைக்ரோபுரோப்பில் கால்சியம், மாங்கனீசு, மெக்னீசியம், இரும்பு ஆகியவற்றின் பரவல் படம் எடுங்கள். மாங்கனீசு நடுவில் மிகுந்து ஓரத்தில் குறைந்திருந்தால் கார்னெட் தன் வளர்ச்சி வரலாற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று பொருள். அப்படியின்றித் தட்டையாக இருந்தால் வெப்பம் அதை அழித்திருக்கலாம், அந்த மாதிரியைக் கார்னெட் வயதுக்கு அனுப்புவதைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும்.

இதே செக்‌ஷனில் ராமன் கருவியை (லேசர் ஒளி சிதறுவதைக் கொண்டு கனிமத்தை அடையாளம் காண்பது) வைத்துக் கோசைட்டைத் தேடலாம். அதன் முதன்மைக் கோடு 521 cm⁻¹-இல் விழும், குவார்ட்ஸின் கோடு 464 cm⁻¹-இல். கார்னெட்டுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் உட்பொதிவைச் சுற்றி நட்சத்திரம்போல் விரிசல்கள் ஓடினால் அது ஒருகாலத்தில் கோசைட்டாக இருந்திருக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் விரிசலை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

4. சிர்கானைப் பிரித்தெடுத்தல்

முறை எளியது, செலவும் அதிகமில்லை. பொறுமையும் சுத்தமும்தான் வேண்டும். தாடை நொறுக்கியில் உடைத்து, 250 அல்லது 300 மைக்ரான் சல்லடையில் சலித்து, தண்ணீர் மேசையில் கனமான பங்கைப் பிரித்து, காந்தப் பிரிப்பானில் கார்னெட்டையும் ஓம்பசைட்டையும் ஒதுக்கி, மெத்திலீன் அயோடைடு போன்ற அடர் திரவத்தில் இறக்கினால் 3.3-க்கு மேல் அடர்த்தியுள்ளவை அடியில் தங்கும். சிர்கானின் அடர்த்தி 4.6 முதல் 4.7 வரை என்பதால் அது அடியில்தான் இருக்கும். பிறகு நுண்ணோக்கியின் கீழ் ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும்.

எக்லோகைட்டில் தண்ணீர் மேசை ஒரு பொறி. 50 மைக்ரானுக்கும் சிறிய சிர்கான்கள் சேற்றோடு சேர்ந்து ஓடிவிடும், உருமாற்றத்தில் புதிதாக வளர்ந்தவை பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும். ஓடும் நீரின் வேகத்தைக் குறையுங்கள், கழிவு என்று நினைப்பதைக் கொட்டாமல் உலர்த்தி எடுத்துவையுங்கள். பொறுக்கும்போது அழகான, நீண்ட, தெளிவான படிகங்களிலேயே கண் போகும், அவை பெரும்பாலும் மூலப்பாறையின் பழைய சிர்கான்கள். உருமாற்றச் சிர்கான் உருண்டையாக, பலமுகங்களோடு, பார்க்க எடுப்பில்லாமல் இருக்கும். எல்லா வகையிலும் பொறுக்குங்கள்.

நொறுக்கியையும் சல்லடையையும் உங்களுக்கு முன் எந்தக் கல்லுக்குப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். சல்லடைக் கண்ணில் சிக்கியிருந்த வேறொருவரின் சிர்கான் உங்கள் வயதுப் பட்டியலில் நுழைந்தால் அதை வெளியேற்ற உங்களிடம் ஆதாரம் இருக்காது. ஒவ்வொரு கல்லுக்கும் முன்பு குவார்ட்ஸ் மணலை ஓட்டிச் சுத்தம் செய்வதும், மாதிரிக்கு ஒரு புதிய நைலான் சல்லடைத் துணி வெட்டிக்கொள்வதும் மலிவான காப்பு. அடர் திரவங்கள் நச்சுத்தன்மை உள்ளவை, புகைக்கூண்டும் கையுறையும் இல்லாத இடத்தில் அந்த வேலையைச் செய்ய யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பொறுக்கிய சிர்கான்களை எபாக்சியில் பதித்து, பாதி உடல் தேயும் வரை மெருகிட்டால் மவுன்ட் தயார்.

5. சி.எல். படம்: இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

எலெக்ட்ரான் கற்றை பட்டால் சிர்கான் ஒளிரும். அந்த ஒளியில் எடுத்த படமே சி.எல். (கத்தோடோலுமினசென்ஸ்) படம். இது இல்லாமல் புள்ளி வைப்பது, அதாவது வயதை அளக்கும் இடத்தைக் குறிப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு அம்பு விடுவதற்குச் சமம்.

நைஸிலிருந்து எடுத்த ஒரு சிர்கானை அருகில் வைத்துப் பார்ப்போம். நீளம் 150 மைக்ரான். நடுவில் மெல்லிய வரிகள் மாறி மாறி ஓடுகின்றன, மாக்மாவில் வளர்ந்த உள்கரு அது. பூகா நைஸின் மூலப்பாறைக்குச் சுமார் 47.9 கோடி ஆண்டு வயது கிடைத்திருக்கிறது, இந்த வரிகள் அந்தக் காலத்தைச் சேர்ந்தவை. அதன் வெளிக்கரை நேராக இல்லை. வரிகளைக் குறுக்கே அரித்துத் தின்றதுபோல் வளைந்து போகிறது. அந்த அரிப்புக்கு வெளியே, வரியே இல்லாத மங்கலான பட்டை ஒன்று சிர்கானைச் சுற்றி வருகிறது. ஒரு முனையில் அதன் அகலம் 25 மைக்ரான், பக்கவாட்டில் 5 மைக்ரான்கூட இல்லை. உங்களுக்கு வேண்டிய வயது அந்தப் பட்டைக்குள் இருக்கிறது, புள்ளி வைக்க உகந்த இடம் அந்த ஒரு முனைதான்.

அதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். பட்டையின் வயது 4.7 கோடி ஆண்டு, உள்கருவின் வயது 47.9 கோடி ஆண்டு, இரண்டிலும் யுரேனியம் ஒரே அளவு என்று கொள்வோம். புள்ளி தோண்டும் பொருளில் உள்கரு 10 சதவீதம் கலந்தால் கிடைக்கும் வயது 9 கோடியைத் தாண்டும். அது வெளிப்படையாகத் தெரிந்துவிடும், ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒன்றரை சதவீதம் மட்டுமே கலந்தால் வயது சுமார் 5.4 கோடி என்று வரும், பார்க்க முற்றிலும் நம்பத்தகுந்த எண்ணாகவே இருக்கும். முன்னே சொன்ன இரண்டு ஆய்வுகளில் எதுவும் இப்படிப் பிழைபட்டது என்பது என் கருத்தன்று. இவ்வளவு சிறிய கலப்பு இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை நீங்கள் எண்ணாகவே அறிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு மவுன்டுக்கும் உயர் தெளிவுப் படங்களை, அளவுகோலோடு, இணைத்த பெரிய வரைபடமாகச் செய்து அச்சிட்டு, எங்கே புள்ளி வைக்கப்போகிறீர்கள் என்பதைக் கருவிக்குப் போகுமுன்பே குறித்துவிடுங்கள். கருவியின் முன் உட்கார்ந்து இடம் தேடினால் அந்த நேரத்துக்கும் கட்டணம் ஓடும். அளந்து முடித்தபின் மீண்டும் ஒருமுறை படம் எடுத்து, குழி எதன்மேல் விழுந்தது என்று சரிபாருங்கள்.

6. எந்தக் கருவி, எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு

இரண்டு வழிகள் இருக்கின்றன. லேசரால் குழி தோண்டி ஐ.சி.பி. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளப்பது ஒன்று. புள்ளி ஒன்றுக்கு ஒன்றிரண்டு நிமிடம், ஒரே நாளில் இருநூறு புள்ளிக்கு மேல் போகலாம், செலவு குறைவு. குழியின் அகலம் 20 முதல் 40 மைக்ரான், ஆழம் 10 முதல் 20 மைக்ரான். அயனிக் கற்றையால் அளக்கும் ஷ்ரிம்ப், கேமெகா வகைக் கருவிகள் மற்றொன்று. அங்கே புள்ளி ஒன்றுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், இரவு பகலாக ஓடினாலும் நாளுக்கு நூறு புள்ளியை எட்டுவது அரிது, செலவும் பன்மடங்கு. ஆனால் குழியின் ஆழம் ஒன்றிரண்டு மைக்ரான்தான். மெல்லிய பட்டைக்கு அடியில் பழைய உள்கரு ஒளிந்திருக்கும் எக்லோகைட்டில் இந்த ஆழ வேறுபாடுதான் விடையைத் தீர்மானிக்கிறது.

என் பரிந்துரை இது. முதலில் லேசரில் ஒரு நாள் ஓட்டி, எந்த மாதிரியில் இளம் வயது இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பிறகு அதில் சிறந்த ஒன்றை மட்டும் அயனிக் கருவிக்குக் கொண்டுபோங்கள். இந்தியாவில் புதுதில்லியின் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்தில் அயனிக் கருவி இருக்கிறது. தேராதூனின் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனம் போன்ற இடங்களில் லேசர் கருவிகள் இருக்கின்றன. வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் கல்லை அனுப்பாதீர்கள், மவுன்டை அனுப்புங்கள். அது உள்ளங்கையில் அடங்கும். அதோடு நிறுவனத்தின் கடிதமும், வணிக மதிப்பற்ற ஆய்வு மாதிரி என்று குறிப்பிட்ட விலைப்பட்டியலும் இணைந்திருந்தால் சுங்கத்தில் தேங்குவது குறையும்.

கட்டணத்தைக் கேட்கும்போது எழுத்தில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை சில உண்டு. கட்டணம் புள்ளிக்கா, மணிக்கா, நாளுக்கா? ஓடும் புள்ளிகளில் மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோ திட்டச் சிர்கானுக்கு (வயது முன்பே தெரிந்த, ஒப்பீட்டுக்கான சிர்கான்) போய்விடும் என்பதால், அந்த நேரமும் உங்கள் கணக்கில் ஏறுமா? மின்வெட்டாலோ கருவிக் கோளாறாலோ ஒரு நாள் வீணானால் மறுநாள் கிடைக்குமா? தரவைச் சுருக்கித் தருவார்களா, வெறும் கோப்பைத் தருவார்களா? ஜிஎஸ்டி சேர்ந்ததா? ஓர் ஆய்வுக்கூடத்தில் இவற்றை வாய்மொழியாகப் பேசி முடித்ததன் விளைவாகக் கிடைத்த ரசீதைத் திட்டக் கணக்கில் ஏற்ற எனக்கு நெடுநாள் ஆயிற்று.

7. வயதோடு வேதியியலையும் அதே குழியில் அளவிடுங்கள்

இதுவே இந்த முழு வேலையின் நடுநாடி. ஒரு சிர்கான் பட்டை எக்லோகைட் நிலையில் வளர்ந்தது என்பதற்கு மூன்று வகைச் சான்றுகளைத் தேடலாம்.

முதலாவது அருமண் தனிமங்கள் (லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையிலானவை). கார்னெட் கன அருமண் தனிமங்களை உறிஞ்சிக்கொள்ளும். அது கூடவே வளர்ந்துகொண்டிருந்தால் சிர்கானுக்கு அவை போதிய அளவு கிடைக்காது, வரைபடத்தில் கோடு இட்டர்பியம், லுட்டீசியம் பக்கம் மேலேறாமல் தட்டையாகிவிடும். பிளாஜியோகிளேஸ் என்ற ஃபெல்ட்ஸ்பார் கனிமம் யூரோப்பியத்தை உறிஞ்சும். எக்லோகைட்டில் அந்தக் கனிமம் இல்லை என்பதால், அங்கே வளர்ந்த சிர்கானில் யூரோப்பியப் பள்ளம் (யூரோப்பியம் குறைந்து வரைபடக் கோடு அங்கே தாழ்வது) இருக்காது. தட்டையான கோடும் பள்ளமின்மையும் சேர்ந்து இருந்தால் அது வலுவான சான்று.

ஆனாலும் இதில் பொறிகள் உண்டு. மூலப்பாறையிலேயே யூரோப்பியம் குறைவாக இருந்தால், கிரானைட் நைஸ் அப்படித்தான் இருக்கும், எவ்வளவு ஆழத்தில் வளர்ந்த சிர்கானிலும் அந்தப் பள்ளம் மரபாகத் தொடரும். ஆகவே முழுப்பாறையின் அருமண் பகுப்பாய்வு கையில் இல்லாமல் சிர்கானின் பள்ளத்தைப் பற்றிப் பேச முடியாது. அது மலிவான சோதனை, முதல் மாதமே செய்துவிடலாம். அடுத்து, தோரியம்-யுரேனியம் விகிதம் 0.1-க்குக் கீழே இருந்தால் உருமாற்றச் சிர்கான் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பல இடங்களில் அது சரி, எல்லா இடத்திலும் சரி அன்று. சிர்கான் எந்த அழுத்தத்தில் வளர்ந்தது என்பதை அந்த விகிதம் சொல்வதும் இல்லை.

நம் ஊர்ப் பாறைகளில் வேலை செய்வோருக்கு இங்கே ஒரு சொல். சேலத்துக்கு அருகே கஞ்சமலையில் கிடைக்கும் கார்னெட்-கிளினோபைராக்சீன் பாறைகள் உயர் அழுத்த கிரானுலைட் (மிகை வெப்பத்தில் உருமாறிய பாறை) வகையைச் சேர்ந்தவை, உருமாறிய காலம் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுக்கு முன். கிரானுலைட்டில் பிளாஜியோகிளேஸ் கூடவே இருக்கும் என்பதால் யூரோப்பியப் பள்ளமின்மை என்ற சோதனையை அங்கே பயன்படுத்த முடியாது. கார்னெட்டோடு சேர்ந்து வளர்ந்ததா என்பதை மட்டுமே தட்டையான கோடு சொல்லும். இமயமலைக் கட்டுரைகளில் படித்த அளவுகோலை அப்படியே தூக்கிக்கொண்டு கஞ்சமலைக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது சான்று உட்பொதிவுகள். சிர்கான் பட்டைக்குள் கோசைட்டோ ஓம்பசைட்டோ சிக்கியிருந்தால் அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. அந்த உட்பொதிவு பட்டைக்குள்தான் இருக்கிறதா, உள்கருவுக்குள் விரிசல் வழியே பின்னால் நுழைந்ததா என்பதைச் சி.எல். படத்தையும் ராமன் புள்ளியையும் மேல்வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது வெப்பநிலை. சிர்கானில் உள்ள டைட்டானியத்தையும் ரூட்டைலில் உள்ள சிர்கோனியத்தையும் அளந்து வெப்பநிலை காணலாம். இது துணைச் சான்று மட்டுமே, ஏனெனில் உச்ச வெப்பமும் உச்ச அழுத்தமும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல பாறைகளில் மேலே ஏறத் தொடங்கிய பிறகுதான் வெப்பம் உச்சத்தைத் தொடுகிறது, ரூட்டைலும் கார்னெட்டும் சிதையும்போது வெளிவரும் சிர்கோனியத்தில் அப்போதும் புதுச் சிர்கான் வளரும்.

8. கார்னெட்டின் வயது

கார்னெட் எக்லோகைட்டின் முதன்மைக் கனிமம் என்பதால், அதன் வயதுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவு நேரடியானது. லுட்டீசியம்-176 சுமார் 3,700 கோடி ஆண்டு அரை ஆயுளில் ஹாஃப்னியம்-176 ஆகிறது. லுட்டீசியத்தைக் கார்னெட் பேராசையோடு உள்ளிழுப்பதால் முதலில் வளரும் நடுப்பகுதியிலேயே அது குவிந்துவிடும். ஆகவே இந்த வயது வளர்ச்சியின் தொடக்கம் நோக்கிச் சாய்கிறது. எவ்வளவு சாய்கிறது என்பதைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல் கணக்கிடுங்கள். ஆரத்தில் உள்பாதி கன அளவில் எட்டில் ஒரு பங்குதான் என்பதால், நடுவில் லுட்டீசியம் எத்தனை மடங்கு மிகுந்திருக்கிறது என்று லேசரில் குறுக்குக்கோடு போட்டு அளந்தால்தான் உங்கள் வயது எந்தப் பகுதியினுடையது என்று தெரியும். சமாரியம்-நியோடிமியம் முறையில் இந்தக் குவிப்பு இல்லை, அதன் வயது விளிம்பின் பக்கம் நிற்கும். இரண்டும் ஒரே மாதிரியில் கிடைத்தால் கார்னெட் வளர எடுத்துக்கொண்ட காலத்தையே மதிப்பிடலாம்.

பொறி உட்பொதிவுகளில் இருக்கிறது. கார்னெட்டுக்குள் ஒளிந்திருக்கும் சிர்கானில் ஹாஃப்னியம் ஏராளம், மூடிய குண்டுப் பாத்திரத்தில் அதிக அழுத்தத்தில் கரைத்தால் அதுவும் கரைந்து வயதைக் கெடுத்துவிடும். எனவே கார்னெட்டைச் சூடான தட்டின்மேல் திறந்த குடுவையில் கரைக்கும் ஆய்வுக்கூடத்தையே தேர்ந்தெடுங்கள், சிர்கான் அதில் பெரும்பாலும் கரையாமல் தங்கிவிடும். சமாரியம் முறையில் அப்பாடைட், மோனசைட் போன்ற பாஸ்பேட்டுகளும் எபிடோட்டும் தொல்லை தருகின்றன. கந்தக அமிலத்தில் முன்கூட்டியே ஊறவைத்துப் பாஸ்பேட்டுகளைப் போக்குவார்கள், செய்கிறார்களா என்று கேளுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை இந்தப் படிதான் மிக நீளமானது. கார்னெட்டை நுண்ணோக்கியின் கீழ் பொறுக்கவே வாரங்கள் ஆகும். மூன்று நான்கு கார்னெட் பங்குகள், ஓம்பசைட், முழுப்பாறை என எல்லாவற்றையும் கரைத்துப் பிரித்து அளக்க மேலும் வாரங்கள். இதற்கு முன் வரிசையில் காத்திருக்கும் காலம் தனி. ஆராய்ச்சியின் மூன்றாம் ஆண்டில் இதைத் தொடங்கினால் நேரம் போதாது.

9. ரூட்டைல், டைட்டனைட், மோனசைட், மைக்கா

ரூட்டைல் எக்லோகைட்டில் நிறையக் கிடைக்கும், ஆனால் அதில் யுரேனியம் மிகக் குறைவு, பல தானியங்களில் ஒரு பிபிஎம்கூட (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருக்காது. யுரேனியம் அதிகமுள்ளவற்றை முன்னோட்டமாக ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் வயது பெரும்பாலும் ஆறிய காலத்தைச் சொல்லும். பாகிஸ்தானின் காகான் எக்லோகைட்டில் சிர்கான் 4.6 கோடி ஆண்டும் ரூட்டைல் 4.4 கோடி ஆண்டும் தந்தன. அந்தச் சிறிய இடைவெளிதான் பாறை எவ்வளவு விரைவாக மேலே வந்தது என்பதைக் காட்டியது. டைட்டனைட் ரூட்டைலின்மேல் உறைபோல் வளரும், அது மேலேற்றத்தின் சாட்சி. இரண்டிலும் பொது ஈயம் (யுரேனியம் சிதைந்து வராமல் முன்பே இருந்த ஈயம்) கலந்திருப்பதால் அதற்கான திருத்தம் இல்லாத வயதைப் பயன்படுத்தாதீர்கள். மோனசைட் எக்லோகைட்டில் அரிது, கூடவே கிடைக்கும் களிமண் வழிவந்த படிவப்பாறைகளில் கிடைக்கும். அதில் இட்ரியம் குறைந்த பகுதி கார்னெட்டோடு சேர்ந்து வளர்ந்தது.

ஃபெஞ்சைட் மைக்காவின் ஆர்கான் வயது மலிவு, விரைவு. அதனாலேயே பலர் அதில் தொடங்குகிறார்கள். உயர் அழுத்தப் பாறையில் அதை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள். இத்தாலியின் டோரா மைராவில் ஃபெஞ்சைட் ஆர்கான் வயது 10 கோடி ஆண்டளவில் வந்தது. சிர்கானும் டைட்டனைட்டும் 3.5 கோடி ஆண்டு என்றன. ஆழத்தில் வெளியேற வழியின்றி மைக்காவுக்குள் தங்கிய மிகை ஆர்கானே அந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

10. கணக்கும் அட்டவணையும்

இளம் சிர்கானில் ஈயம் எவ்வளவு சொற்பம் என்பதை மனத்தில் வையுங்கள். 10 பிபிஎம் யுரேனியம் உள்ள சிர்கானில் 4.7 கோடி ஆண்டில் சேரும் ஈயம்-206 வெறும் 0.06 பிபிஎம். மெருகிடும்போது ஒட்டிய தூசியில் உள்ள ஈயமே அதைக் குழப்பிவிடும். அதனால் இமயமலை வயதுகளுக்கு ஈயம்-206, யுரேனியம்-238 விகிதத்தையே பயன்படுத்தி, பொது ஈயத்தை யுரேனியம்-ஈயம் விகிதங்களைக் குறிக்கும் டெரா-வாசர்பர்க் வரைபடத்தில் திருத்துங்கள். கஞ்சமலைபோல் மிகப் பழைய பாறைகளில் ஈயம்-207, ஈயம்-206 விகிதமே நம்பகமானது.

முதன்மைத் திட்டச் சிர்கானாக 106.5 கோடி ஆண்டு வயதுள்ள 91500-ஐ வைத்தால், சரிபார்க்க 33.7 கோடி ஆண்டு வயதுள்ள ப்ளெஷோவிட்சேயை அறியாத மாதிரிபோல் ஓட்டி, கிடைத்த வயதை அறிக்கையில் அப்படியே தாருங்கள். சராசரி எடுக்கும்போது சிதறல் குறியீடு (MSWD) ஒன்றைவிட வெகுவாக மிகுந்தால் அது ஒரே வயதுக் கூட்டம் அன்று, சிலவற்றை நீக்கி எண்ணை அழகாக்காதீர்கள். உருமாற்றச் சிர்கான் பல லட்சம் ஆண்டுகள் விட்டுவிட்டு வளர்ந்திருக்கலாம், அந்தச் சிதறலே உண்மையாக இருக்கலாம். லேசர் முறையில் முறைசார் பிழை ஒன்று முதல் இரண்டு சதவீதம். 4.7 கோடி ஆண்டில் அது 5 முதல் 10 லட்சம் ஆண்டு. எத்தனை புள்ளி கூட்டினாலும் அந்தப் பிழை குறையாது, ஆகவே 4.7 கோடிக்கும் 4.65 கோடிக்கும் வேறுபாடு கண்டதாக லேசர் தரவை வைத்து எழுத முடியாது.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரி வேண்டும்: மாதிரி எண், சிர்கான் எண், உள்கருவா பட்டையா, சூழ்ந்திருந்த கனிமம், யுரேனியம், தோரியம், திருத்திய விகிதங்கள், இரண்டு சிக்மா பிழை, அருமண் அளவுகள், நீக்கியிருந்தால் நீக்கிய காரணம். குழி தெரியும் சி.எல். படங்கள் அனைத்தையும் சேருங்கள், நல்லவற்றை மட்டும் பொறுக்காதீர்கள். மவுன்டை எண்ணிட்டுத் துறையின் மாதிரி அறையில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். தொடாமல் எடுத்துவைத்த கால் பங்குக் கல்லையும் அதே எண்ணில் சேர்த்தே ஒப்படையுங்கள். மதிப்புரையாளர் புதிய அளவீடு கேட்டால் திரும்பிப் போக வேண்டிய இடம் அந்த இரண்டும்தான்.